நஷ்டத்துக்குக் கணக்கு இல்லாத சொத்து

2022 ஏப்ரல் 1 அன்று கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 4 அன்று, ஆந்திரத்தில் புது மாவட்டங்கள் பிறந்தன. அதுவரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த, தமிழக எல்லையோரத்து வரதய்யபாளையம் திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று. மாவட்டம் மாறினாலும் பட்டாவுக்கு எங்கே போவது, ரேஷன் கார்டுக்கு எங்கே போவது என்பதைக் கேட்டால் சொல்ல ஆள் உண்டு. அதே ஊர்க்காரர் ஒருவர் கைப்பேசியில் பிட்காயின் வாங்கி, வாங்கிய தளம் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டால் எந்த அலுவலகத்தின் படியேறுவது? வரி வசூலிக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. கறுப்புப் பணத்தைக் கண்காணிக்க ஒன்று, அவ்வப்போது எச்சரிக்கை விட ஒன்று என்று மற்றவையும் இருக்கின்றன. வாங்கியவரின் பணத்துக்குப் பொறுப்பேற்கும் அலுவலகம்தான் இல்லை.

இதைக் குழப்பம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2013 முதல் நடந்ததை வரிசையாகப் பார்த்தால், முடிவெடுக்காமல் இருப்பதே ஒரு முடிவாக இங்கே எடுக்கப்பட்டிருப்பது தெரியும். அந்த முடிவு கஜானாவுக்குச் சௌகரியமாக இருக்கிறது. சில்லறை முதலீட்டாளருக்குத்தான் செலவு வைக்கிறது.

ரிசர்வ் வங்கியின் முதல் எச்சரிக்கை 2013 டிசம்பர் 24 அன்று, ரகுராம் ராஜன் கவர்னராக இருந்தபோது வந்தது. 2017 பிப்ரவரியிலும் டிசம்பரிலும் அதையே திரும்பச் சொன்னார்கள். 2018 ஏப்ரல் 6 அன்று சொல் செயலானது. கிரிப்டோ வியாபாரம் செய்பவர் எவருக்கும் வங்கிகள் சேவை தரக் கூடாது, ஏற்கெனவே தருபவர்கள் மூன்று மாதத்தில் நிறுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கிரிப்டோ வைத்திருப்பது குற்றம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் வங்கிக் கணக்கு இல்லாத பரிமாற்றத் தளம் எத்தனை நாள் மூச்சுவிடும்? செப்பே என்ற தளம் அந்த ஆண்டு செப்டம்பரில் இந்தியக் கடையை மூடியது. கோயினெக்ஸ் மறு ஆண்டு ஜூனில் மூடியது. பெங்களூரில் ஒரு மாலில் பிட்காயின் இயந்திரம் வைத்த யுனோகாயின் நிறுவனர்களை 2018 அக்டோபரில் போலீஸ் கைதே செய்தது. தடைச் சட்டம் என்று ஒன்று அப்போதும் கிடையாது.

இணைய, கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. ரோகிண்டன் நரிமன் தலைமையிலான மூவர் அமர்வுக்காகத் தீர்ப்பை எழுதியவர் வி. ராமசுப்பிரமணியன். மன்னார்குடிக்காரர், சென்னை உயர் நீதிமன்றத்திலும், ஆந்திரமும் தெலங்கானாவும் ஒரே உயர் நீதிமன்றத்தின் கீழ் இருந்தபோது ஐதராபாத்திலும் நீதிபதியாக இருந்தவர். அந்தத் தீர்ப்பைப் பலரும் தங்களுக்கு வேண்டியபடி படித்துக்கொண்டார்கள். கிரிப்டோ சட்டப்படி செல்லும் என்று நீதிமன்றம் அறிவித்ததாக விளம்பரங்கள் வந்தன. தீர்ப்பு சொன்னது வேறு. இந்த விஷயத்தில் தலையிட ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு என்பதை அது தெளிவாக ஏற்றது. ஆனால் தனது கண்காணிப்பில் உள்ள வங்கிகளில் ஒன்றுக்காவது கிரிப்டோவால் கெடுதல் நேர்ந்ததாக ரிசர்வ் வங்கி காட்டவில்லை. அப்படியிருக்க, ஒரு தொழிலின் குரல்வளையையே நெரிக்கும் நடவடிக்கை அளவுக்கு மிஞ்சியது, தொழில் செய்யும் உரிமைக்கு விரோதமானது என்றது. ஆதாரத்தோடு, அளவோடு மறுபடி வந்தால் கதவு திறந்தே இருக்கும் என்பதுதான் அதன் உட்பொருள்.

அரசு அந்தக் கதவைத் தட்டவேயில்லை. சுபாஷ் சந்திர கார்க் தலைமையிலான குழு முழுத் தடையையும் 10 ஆண்டு வரை சிறையையும் பரிந்துரைத்து ஒரு வரைவு மசோதாவை 2019இல் தந்திருந்தது. 2021இல் பட்ஜெட் கூட்டத்தொடரிலும் குளிர்காலக் கூட்டத்தொடரிலும் ஒரு கிரிப்டோ மசோதா பட்டியலில் இடம்பெற்றது, இரண்டு முறையும் அவைக்கு வரவில்லை. 2022 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் வாசித்தார். மதுரையில் பிறந்து, ஒரு காலத்தில் ஆந்திரத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனவர். தடை வருமா, அனுமதி வருமா என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது வரி.

வருமான வரிச் சட்டத்தில் 2(47ஏ) என்ற பிரிவு சேர்ந்தது. 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்றால் என்ன என்று இந்தியச் சட்டம் முதன்முதலாகச் சொன்ன இடம் அதுதான். பணமா, சரக்கா, பங்குபோன்ற பத்திரமா என்ற கேள்வியை அது தொடவில்லை. வரி போடுவதற்கு எது தேவையோ அதை மட்டும் சொல்லிவிட்டு நின்றது. அன்றைய நிதித்துறைச் செயலர் டி.வி. சோமநாதன், கிரிப்டோ ஒருபோதும் நாட்டின் செலாவணி ஆகாது என்று உடனே விளக்கினார். அதே மாதம் ரிசர்வ் வங்கித் துணை கவர்னர் டி. ரபி சங்கர், தடை செய்வதே இந்தியாவுக்கு உகந்தது என்று பொதுமேடையில் பேசினார். ஒரு கை வரி வாங்கும்போது இன்னொரு கை ஒழிக்க வேண்டும் என்கிறது. இரண்டும் ஒரே அரசு இயந்திரத்தின் கைகள்.

"வரி வாங்குகிறார்கள் என்றால் அனுமதித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?" ஆந்திர-தமிழக எல்லையின் இரு பக்கமும் கேட்கும் கேள்வி இது. அப்படி அர்த்தமில்லை. வருமானம் எப்படி வந்தது என்று வருமான வரிச் சட்டம் என்றைக்குமே முகம் சுளித்ததில்லை. இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு, சட்ட மாணவர்களுக்கு அத்துப்படி. 1958இல் பாகிஸ்தான் எல்லையருகே ஒருவர் 65,500 ரூபாயுடன் பிடிபட்டார். அங்கே போய்த் தங்கம் வாங்கிக் கடத்தி வருவது அவர் தொழில். பணம் பறிமுதல். வருமான வரித்துறை அவருடைய கடத்தல் வருமானத்துக்கு வரி போட்டது. அப்படியானால் பறிபோன பணத்தைத் தொழில் நஷ்டமாகக் கழித்துக்கொடுங்கள் என்று அவர் கேட்க, உச்ச நீதிமன்றம் 1980இல் பியாரா சிங் வழக்கில் அதை ஏற்றது. வருமானத்தைத் தொழில் வருமானம் என்றால் நஷ்டமும் தொழில் நஷ்டம்தானே என்பது தர்க்கம். 2023இல் கடத்தல் வெள்ளி சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் அந்தச் சலுகையைத் தர மறுத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கடத்தல்காரருக்குக்கூட நாற்பது ஆண்டுக்கு மேல் வாதாட ஓர் இடம் இருந்தது. வங்கிக் கணக்கு, பான் அட்டை எல்லாம் கொடுத்து நேர்வழியில் பிட்காயின் வாங்கியவருக்கு, கிரிப்டோ வரிக்கான 115பிபிஎச் பிரிவு அந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் உறைக்கும். ஸ்ரீசிட்டி தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒருவர் பிட்காயினில் 1,00,000 ரூபாயும் வேறொரு காயினில் 1,00,000 ரூபாயும் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிட்காயின் 1,60,000க்கு விற்கிறது, மற்றது 40,000க்கு. கையில் வந்தது 2,00,000. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அவருக்கு 60,000 ரூபாய் லாபம். மற்ற காயினில் போன 60,000 கணக்கிலேயே வராது. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. 60,000க்கு 30 சதவீதம் 18,000, அதன்மேல் 4 சதவீத செஸ் 720. ஆக 18,720 ரூபாய் கட்ட வேண்டும். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரியில்லை என்கிறார்களே என்று அவர் ஆடிட்டரிடம் கேட்பார். அந்தத் தள்ளுபடி இப்படிச் சிறப்பு விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்குப் பொருந்தாது. சம்பளத்துக்குப் பைசா வரி இல்லாதவர், சம்பாதிக்காத பணத்துக்கு வரி கட்டுகிறார்.

பங்குச் சந்தையில் ஒரு பங்கின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கலாம், மிச்சத்தை எட்டு ஆண்டு வரை சுமக்கலாம். லாட்டரிக்கும் சூதாட்டத்துக்கும் வைத்த அதே 30 சதவீதத்தைக் கிரிப்டோவுக்கு வைத்ததில் அரசின் மனம் தெரிகிறது. வெறுக்கிற பொருளுக்கு அதிக வரி போடுவதில் தவறில்லை, புகையிலைக்கும் அப்படித்தான் போடுகிறோம். நஷ்டத்தை ஒப்புக்கொள்ள மறுப்பது அதிக வரி என்பதோடு நிற்பதில்லை. பொய்க்கணக்கின் மேல் வரி போடுவது அது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் பிரிவு எண்தான் மாறியிருக்கிறது, விகிதமும் இந்தக் கட்டுப்பாடும் அப்படியே இருக்கின்றன.

2022 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. ஒவ்வொரு விற்பனையின் மொத்தத் தொகையிலும் 1 சதவீதம் டிடிஎஸ். பிறகு வரியில் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் அரசிடம் கிடக்கும். அடிக்கடி வாங்கி விற்பவரின் முதல் இப்படியே கரைந்துபோகும். விளைவை யாரும் ஊகித்திருக்கலாம்: வியாபாரம் வெளிநாட்டுத் தளங்களுக்கு ஓடியது. நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்குப்படி கிரிப்டோ லாபத்தின் மீதான வரி 2022-23இல் 269.09 கோடி ரூபாய், 2023-24இல் 437.43 கோடி. மக்களிடையே கிரிப்டோ பரவியிருப்பதில் உலகிலேயே முதலிடம் என்று செயினாலிசிஸ் நிறுவனம் 2023 முதல் தொடர்ந்து இந்தியாவைக் குறிப்பிட்டுவருகிறது. முதலிடத்தில் இருக்கும் நாட்டுக்கு இது என்ன வசூல்?

தளத்தின் வழியே போகாமல் ஆளுக்கு ஆள் நேரே விற்கும் வழியும் உண்டு. அங்கே டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு, அதற்கு 26கியூஇ என்று ஒரு படிவமே வந்தது. டெலிகிராம் குழுவில் அறிமுகமான ஒருவருக்காக அதை நிரப்புகிறவர் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்க்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. யூஎஸ்டிடி என்ற காயினை விற்றவரின் கணக்கில் வந்து விழும் பணம் யாரோ ஒருவரிடம் சைபர் மோசடியில் பறித்த பணமாக இருக்கலாம். பறிகொடுத்தவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைத்துப் புகார் செய்தால், பணம் போன பாதையில் உள்ள கணக்குகள் எல்லாம் முடக்கப்படும். புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருக்கும். விற்றவர், தான் நிரபராதி என்று அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு நிரூபிக்க வேண்டும்.

கறுப்புப் பண விஷயத்தில் மட்டும் அரசு தூங்கவில்லை. 2023 மார்ச் 7 அறிவிக்கையால் கிரிப்டோ தளங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும், வாடிக்கையாளரை அடையாளம் காண வேண்டும், சந்தேகமான பரிவர்த்தனையைத் தெரிவிக்க வேண்டும். பதியாமல் கடை நடத்திய ஒன்பது வெளிநாட்டுத் தளங்களுக்கு அந்த டிசம்பரில் நோட்டீஸ் போனது. அவற்றில் ஒன்றான பைனான்ஸ் (Binance) 2024 ஜூனில் 18.82 கோடி அபராதத்துக்கு உள்ளானது. இதை இன்றைய இந்தியாவில் ஓரளவு ஒழுங்காக நடக்கும் ஒரே கிரிப்டோ கண்காணிப்பு என்பேன். ஆனால் அந்தப் பிரிவின் வேலை அரசுக்குத் தகவல் திரட்டுவது. தளத்திடம் வாடிக்கையாளர் காயின்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று எட்டிப் பார்ப்பது அதன் வேலையில் சேராது. 'இந்திய அரசில் பதிவு பெற்றது' என்று ஒரு தளம் விளம்பரம் செய்தால், படிப்பவர் அதை வைப்புநிதிக் காப்பீடு மாதிரி எடுத்துக்கொள்கிறார்.

கறுப்புப் பணம் என்றால் வரதய்யபாளையத்துக்கு ஒரு பழைய நினைவு உண்டு. 2019 அக்டோபரில் இங்கும் சென்னை, ஐதராபாத், பெங்களூரிலுமாக சுமார் 40 இடங்களில் வருமான வரித்துறை ஓர் ஆன்மிகக் குழுமத்தைச் சோதனையிட்டது. 43.9 கோடி ரூபாய் ரொக்கம், ஏறக்குறைய 18 கோடி மதிப்புள்ள அமெரிக்க டாலர், 88 கிலோ தங்கம், 1,271 காரட் வைரம் கைப்பற்றியதாகத் துறை அப்போது தெரிவித்தது. எல்லாமே தூக்கிச் சுமக்க வேண்டிய, எடைபோடக்கூடிய சொத்துகள். சோதனைச் சட்டமும் அத்தகைய உலகுக்காகவே எழுதப்பட்டிருந்தது. 2025 நிதிச் சட்டம், சோதனையில் சிக்கும் 'வெளிப்படுத்தாத வருமானம்' என்பதன் வரையறையில் கிரிப்டோவையும் சேர்த்தது. அதற்கு வரி 60 சதவீதம். பாஸ்வேர்டைத் தாண்டி டிஜிட்டல் கணக்குகளுக்குள் போகும் அதிகாரத்தைப் புதிய வருமான வரிச் சட்டம் அதிகாரிகளுக்குத் தருகிறது. ஒளிப்பவரைப் பிடிக்கும் சட்டம் இப்படி ஆண்டுக்கு ஆண்டு கூர்மையாகிறது. ஏமாந்தவருக்கான சட்டம் வந்த வேகத்தோடு இதை ஒப்பிட்டால் வருத்தமே மிஞ்சும்.

ஏமாந்தவர் இரண்டு வகை. முதல் வகையினர் உண்மையில் கிரிப்டோ வாங்கியவர்களே அல்ல. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, சொந்தமாக ஒரு 'காயின்' பெயர் சொல்லி, ஆள் சேர்த்தால் கமிஷன், மாதம் இத்தனை சதவீதம் என்று பணம் திரட்டும் கும்பலிடம் சிக்கியவர்கள். மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாகச் சொல்லி நாடு முழுவதும் வசூலித்த கெயின்பிட்காயின் இதில் பெரியது. 2025 பிப்ரவரியில் சிபிஐ அதற்காக 60 இடங்களில் சோதனை நடத்தியது. இவர்களுக்குச் சட்டம் உண்டு: 1978இன் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம், 2019இன் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம், இவற்றோடு தமிழகத்துக்கு 1997இலும் ஆந்திரத்துக்கு 1999இலும் வந்த முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டங்கள். எல்லையோர ஊர்க்காரருக்கு இதில்தான் சிக்கல். ஆள் இருப்பது வரதய்யபாளையம், கம்பெனி இருப்பது சென்னை, கூட்டம் நடந்தது கும்மிடிப்பூண்டி என்றால் இரண்டு மாநிலப் போலீசும் அடுத்த பக்கத்தைக் கைகாட்டலாம். பறிமுதலான சொத்தைப் பங்கிடும்போது எந்த மாநிலப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதே எல்லாம்.

இரண்டாவது வகை, உண்மையான தளத்தில் உண்மையான காயின் வாங்கியவர்கள். இவர்கள் வைத்தது வைப்புத்தொகை அல்ல, ஆகவே மேலே சொன்ன சட்டங்கள் எட்டாது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்களை ஹேக்கர்கள் திருடினர். தளம் எல்லோருடைய கணக்கையும் நிறுத்தியது. இந்திய வாடிக்கையாளர்களின் தலைவிதி சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் முடிவாகும் நிலை வந்தது, ஏனென்றால் தாய் நிறுவனம் அங்கே பதிவானது. நேர்ந்த நஷ்டத்தைத் திருட்டில் அகப்படாத காயின் வைத்திருந்தவர்களும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்பது திட்டம்.

சென்னையைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் ஒப்பவில்லை. அவரிடம் இருந்தது 3,532.30 எக்ஸ்ஆர்பி, திருடுபோனதோ வேறு வகைக் காயின்கள். தளத்தின் இந்திய நிறுவனத்துக்கு எதிராக அவர் கொண்டுவந்த மனுவில் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு, இந்த விஷயத்தில் இந்திய நீதிமன்றங்கள் இதுவரை சொன்னதில் மிகப் பயனுள்ளது என்பது என் கருத்து. கிரிப்டோ தொட்டுணரக்கூடிய பொருள் அல்ல, பணமும் அல்ல, ஆனாலும் ஒருவர் அனுபவிக்கவும் இன்னொருவர் அவருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கவும் கூடிய சொத்து என்றார். நியூசிலாந்தின் கிரிப்டோபியா தளம் பற்றிய தீர்ப்பை எடுத்துக்கொண்டார், கூடவே வருமான வரிச் சட்டத்தின் அந்த 2(47ஏ)வையும். வரி போடுவதற்காக எழுதிய ஒரு வரையறை, வரி கட்டியவரின் சொத்தைக் காக்க உதவியதைச் சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்திருப்பார்களா தெரியாது. பணம் போனது சென்னை வங்கிக் கணக்கிலிருந்து என்பதால் வழக்கைச் சென்னையில் கேட்கலாம் என்றும் முடிவு செய்தார். எல்லைக்கு ஆந்திரப் பக்கம் கணக்கு வைத்திருப்பவருக்கு அந்தத் தர்க்கம் அமராவதி உயர் நீதிமன்றத்தில் எடுபடலாம். ஆனால் அது சென்னை உத்தரவு, கட்டுப்படுத்தாது. அவருக்கும் தளத்துக்கும் இடையிலான நடுவர் விசாரணை முடியும்வரைக்குமான இடைக்கால ஏற்பாடும்கூட.

ஏலச்சீட்டை நினைத்துப் பார்க்கிறேன். அதிலும் ஏமாற்று உண்டு, ஓடிப்போன சீட்டுக்காரர் கதை இல்லாத ஊர் கிடையாது. ஆனாலும் தமிழகம் 1961இலும் ஆந்திரம் 1971இலும் தனித்தனிச் சட்டம் போட்டன, 1982இல் மத்தியச் சட்டம் வந்தது. சீட்டு நடத்துபவர் பதிவாளரிடம் பதிய வேண்டும், சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணையம் கட்ட வேண்டும், தகராறு வந்தால் தீர்க்க அதிகாரி உண்டு. சீட்டு நல்லதா கெட்டதா என்று அரசு தீர்மானித்துவிட்டு இதைச் செய்யவில்லை. மக்கள் போடுகிறார்கள், ஆகவே விதி வேண்டும் என்று செய்தது. கிரிப்டோவுக்கு விதி வகுத்தால் அதை அங்கீகரித்ததாகிவிடும் என்று ரிசர்வ் வங்கிப் பக்கம் சொல்லப்படும் வாதம் இந்த அனுபவத்தின் முன் நிற்கவில்லை.

மற்ற நாடுகளில் பலவும் ஏதாவது ஒரு பக்கம் நின்றுவிட்டன. சீனா 2021 செப்டம்பரில் அடியோடு தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கிரிப்டோ சட்டம் 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சிங்கப்பூர் 2019 சட்டத்தால் உரிமம் தருகிறது, மூலதன லாபத்துக்கு அங்கே வரியே இல்லை. அமெரிக்கா 2014லேயே இதைச் சொத்து என்று சொல்லிவிட்டது, நஷ்டத்தையும் கழிக்கவிடுகிறது. இலங்கை மத்திய வங்கி எவருக்கும் உரிமம் தரவில்லை என்று எச்சரித்துவந்தது. எல் சால்வடோர் 2021இல் பிட்காயினைச் செலாவணி ஆக்கி, 2025இல் பின்வாங்கியது. அங்கிருந்து நாம் கற்க அதிகமில்லை. 2022 டிசம்பர் 1 அன்று ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்குச் சோதனை முறையில் விட்ட டிஜிட்டல் ரூபாய் கிரிப்டோவுக்கு மாற்று என்பதும் சரியல்ல. அது ரூபாய். விலை ஏறும் என்று அதை யாரும் வாங்கப்போவதில்லை.

2024இல் பொருளாதார விவகாரச் செயலர் அஜய் சேத், கிரிப்டோ பற்றிய விவாத அறிக்கை செப்டம்பருக்குள் வரும் என்றார். அந்தச் செப்டம்பர் போயிற்று, அறிக்கை வரவில்லை. முழுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இரண்டு திருத்தங்கள் உள்ளன. கிரிப்டோ நஷ்டத்தைக் கிரிப்டோ லாபத்திலாவது கழிக்கவிடுவது ஒன்று. டிடிஎஸ்ஸைப் பரிவர்த்தனையின் தடம் தெரியும் அளவுக்கு மட்டும், 0.01 சதவீதம்போல, இறக்குவது மற்றொன்று. இரண்டையும் பிப்ரவரி நிதி மசோதாவில் தலா ஒரு பத்தியில் முடித்துவிடலாம், 30 சதவீதத்தைத் தொட வேண்டியதில்லை. மூன்றாவதற்குத்தான் தனிச் சட்டம் வேண்டும்: வாடிக்கையாளரின் காயின் தளத்தின் சொத்து அல்ல, தளம் திவாலானாலும் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது, அதைத் தணிக்கை செய்யும் அதிகாரம் இந்தத் துறைக்கு என்று பெயர் சொல்லி எழுதிய சட்டம். அந்தத் துறை பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியாகவும் இருக்கலாம், ரிசர்வ் வங்கியாகவும் இருக்கலாம். எது என்பதில் இரண்டுக்கும் உடன்பாடில்லை என்றால், அதைத் தீர்த்துவைப்பது நிதி அமைச்சகத்தின் வேலை.